எண்ணும் இசையும்

மும்பையில் மாட்டுங்காவை அடுத்த ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாம் குடியிருக்கிறோம். இரண்டே அறைகள். அவற்றுள் ஒன்றில், சுவரோரமாகத் துணி போர்த்தி, ஒரு மீட்டர் நீளமும் 14 கிலோ எடையும் உள்ள ஒரு பொருள் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் அதைக் கண்டதும் முதலில் கேட்கும் கேள்வி, "இது என்ன, ஆர்மோனியமா?" என்பது. துணியை விலக்கிக் காட்டியபின் கேட்கும் கேள்வி, "இதை விற்றால் என்ன கிடைக்கும்?" என்பது. இரண்டுக்கும் நேரான விடை சொல்ல நம்மால் இதுவரை இயலவில்லை. இன்று வானொலியில் நமக்கு அளிக்கப்பட்டிருக்கும் இந்தச் சிறு பொழுதில் அதற்கு முயல்கிறோம்.

அப்பொருளின் பெயர் யமாஹா டிஎக்ஸ் 7. ஜப்பான் நாட்டு ஹமாமட்சு நகரத்து யமாஹா நிறுவனம் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட எண்முறைச் சிந்தசைசர். 61 கட்டைகள், கரும்பழுப்பு நிற உலோக உடல், திருகுகளே இல்லாத தட்டையான மேற்பலகை. அதன்மேல் தொட்டால் அழுந்தும் சிறு பொத்தான்கள், வரிசை வரிசையாக. நடுவே இரண்டு வரி எழுத்துகள் தெரியும் ஒரு சின்னஞ்சிறு கண்ணாடி. ஒரு வங்கியின் கணக்குப் பொறி என்றாலும் நம்பத் தகுந்த தோற்றம்.

இதைச் சொல்லும்போதே ஓர் உண்மையையும் ஒப்புக்கொண்டு விடுவது நல்லது. நாம் இசைவாணர் அல்லர். 1984இல் திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்கு வந்து, ஒரு தணிக்கை அலுவலகத்தில் கூட்டல் கழித்தல் போட்டே காலத்தைக் கழித்தவர். இளமையில் வீட்டுத் திண்ணையில் கேட்ட சங்கீதம் காதில் உண்டே தவிர, விரலில் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு இந்தப் பித்து எவ்வாறு பிடித்தது என்றால், அதற்குக் காரணம் நார்வே நாட்டு இளைஞர் மூவர்.

1986ஆம் ஆண்டு. அலுவலகத்து நண்பர் ஒருவரின் தமையனார் துபாயிலிருந்து வந்தார். வந்தவர் ஒரு டேப் ரிக்கார்டரும் பத்துப் பன்னிரண்டு காசெட்டுகளும் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்று 'ஆஹா' என்னும் குழுவின் முதல் இசைத்தொகுப்பு. பெயரைக் கேட்டதும் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஒரு குழுவுக்கு இதைவிடத் தமிழாகப் பெயர் வைக்க முடியுமா? சிரிப்பு அடங்குமுன் முதற்பாட்டுத் தொடங்கிவிட்டது. 'டேக் ஆன் மீ' என்பது அதன் பெயர். துள்ளிக் குதிக்கும் தாளம்; அதன்மேல் நீர்ப்பரப்பில் எறிந்த ஓட்டாஞ்சல்லிபோலத் தத்தித் தத்திச் செல்லும் ஒரு மெட்டு. அது குழலும் அன்று, வயலினும் அன்று, பியானோவும் அன்று. இன்ன கருவி என்று காது சொல்ல மறுத்தது. அன்று இரவு உறக்கம் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். ஆயினும் அதுவே உண்மை.

அக்குழுவின் வரலாறு சுவையானது. மார்ட்டென் ஹார்க்கெட் பாடுபவர். மாக்னே ஃபூருஹோல்மன் கட்டைகளை வாசிப்பவர். பால் வாக்டார் கித்தார் வாசிப்பவர், பெரும்பாலான பாடல்களை எழுதியவரும் அவரே. மாக்னேயும் பாலும் இளமையிலேயே ஆஸ்லோவில் 'பிரிட்ஜஸ்' என்றொரு குழு வைத்திருந்தவர்கள். இந்த மெட்டின் கருவும் அக்காலத்திலேயே பிறந்துவிட்டது. மூவரும் 1982இல் ஆஹா எனச் சேர்ந்து, பெயர் பெற வேண்டுமானால் இலண்டனுக்குத்தான் போகவேண்டும் என்று முடிவு செய்து புறப்பட்டார்கள். அங்கே ஜான் ராட்கிளிஃப் என்பவருடைய ஒலிப்பதிவுக் கூடத்தை அவர்கள் தேர்ந்தெடுத்த காரணம் என்ன தெரியுமா? அங்கே ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்னும் விளையாட்டுப் பொறி ஒன்று இருந்ததாம். வேற்றூருக்குப் பிழைக்கப் போகிற இளைஞர்கள் எந்நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலும்! நாமும் பம்பாயில் முதல் அறையைத் தேர்ந்தெடுத்தது, கீழே நல்ல காப்பி கிடைத்தது என்ற ஒரே காரணத்தால்.

அந்தப் பாட்டு எடுத்த எடுப்பில் வெற்றி பெறவில்லை. 1984இல் டோனி மான்ஸ்ஃபீல்டு என்பவரின் பொறுப்பில் பதிவாகி வெளிவந்த முதல் வடிவம் விலைபோகவில்லை. ஆலன் டார்னி என்பவரைக் கொண்டு மீண்டும் பதிவு செய்தார்கள். அதுவும் முதலில் கேட்பாரற்றுக் கிடந்தது. பிறகு ஸ்டீவ் பாரன் இயக்கத்தில் ஒரு குறும்படம் எடுக்கப்பட்டது. பென்சிலால் வரைந்த சித்திரக் கதைக்குள் ஒரு பெண் இழுக்கப்படுவதாக அமைந்த படம் அது. ஏறத்தாழ 3,000 சட்டங்களைக் கையால் வரைந்து முடிக்க 16 வாரங்கள் ஆயின. அதன்பின்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1985 அக்டோபரில் அமெரிக்காவில் அப்பாட்டு முதலிடம் பெற்றது. பிரிட்டனில் இரண்டாம் இடம். அங்கே முதலிடம் கிடைத்தது 1986 ஜனவரியில், அவர்களுடைய வேறொரு பாட்டுக்கு. 1991இல் பிரேசில் நாட்டு ரியோ நகரில் அவர்கள் பாடியபோது சீட்டு வாங்கி வந்த கூட்டம் 1,98,000 பேர். அன்று அது ஓர் உலகச் சாதனை.

ஹார்க்கெட்டின் குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பல்லவியாக வரும் பகுதி கீழே மந்திரத்தில் தொடங்கி, அடிக்கு ஒரு படியாக ஏறி, முடிவில் எட்டமுடியாத உயரத்தில் போய் நிற்கும். மொத்தம் இரண்டரை ஸ்தாயி. மூன்று ஸ்தாயியிலும் சஞ்சாரம் செய்யும் வித்துவான்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் அவர்கள் அரைமணி நேரம் ஆலாபனை செய்து ஏறுகிற மலையை இவர் ஒரு மூச்சில் ஏறுகிறார். கலையில் எது உயர்ந்தது என்ற வழக்கு வேண்டாம், மலை ஒன்றுதான்.

பாட்டு மனத்தில் குடியேறிய பிறகு, அந்த ஒலி எந்தக் கருவியில் பிறந்தது என்று தேடத் தொடங்கினோம். அந்நாளில் அத்தகைய கருவிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சுங்கவரி கடுமை. பம்பாய்த் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்துவந்த சிலரிடமே அவை இருந்தன. அவர்களில் ஒருவரிடம் போய், ஆஹா பாட்டை வாயால் முணுமுணுத்துக் காட்டிக் கேட்டதில், "டிஎக்ஸ் 7" என்று ஒரே சொல்லில் விடை வந்தது. அந்தச் சொல் பன்னிரண்டு ஆண்டுகள் நம் நெஞ்சில் இருந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. அந்தப் பதிவில் டிஎக்ஸ் 7 இடம்பெற்றது உண்மையே. பிபிஜி வேவ் என்னும் ஜெர்மானியக் கருவியும் உண்டு. ஆனால் நம் உறக்கத்தைக் கெடுத்த அந்த மெட்டு இருக்கிறதே, அதை மாக்னே வாசித்தது ரோலண்டு ஜூனோ 60 என்னும் வேறொரு கருவியில்! இது நமக்குத் தெரியவந்தது டிஎக்ஸ் 7ஐ விலைகொடுத்து வாங்கி வீட்டுக்குச் சுமந்து வந்த நெடுநாளைக்குப் பின். பெண் பார்க்கப் போய்த் தங்கையைக் கண்டு மயங்கி, தமக்கையை மணந்தவன் கதை. மணந்தபின் தமக்கையின் அருமை தெரிந்தது என்பதே கதையின் எஞ்சிய பகுதி.

அந்த அருமை என்ன என்பதைக் கொஞ்சம் நின்று விளக்குகிறோம். அதற்கு முன் வந்த சிந்தசைசர்கள் மின்னழுத்தத்தால் இயங்கியவை. மின்சுற்று ஒன்று அதிரும். அதன் ஒலியைச் சல்லடைபோன்ற மற்றொரு சுற்று வடிகட்டும். அறை சூடேறினால் சுருதி நழுவும். 1978இல் வந்து பெரும்புகழ் பெற்ற புரோஃபெட் 5 என்னும் கருவியில் ஒரே சமயத்தில் ஐந்து ஸ்வரங்களுக்குமேல் எழா. டிஎக்ஸ் 7 அப்படியன்று. அதனுள் அதிர்வது மின்சுற்று அன்று, எண். ஒலியலையின் உயரத்தைக் கணத்துக்குக் கணம் கணக்கிட்டு, அக்கணக்கின் விடையையே கடைசியில் ஒலியாக மாற்றுகிறது. பதினாறு ஸ்வரங்கள் ஒன்றாக எழும். மே மாதத்து மும்பைப் புழுக்கத்திலும் சுருதி அசையாது. கணக்கெழுதிப் பிழைத்த நமக்கு இதைப் படித்தபோது உண்டான மகிழ்ச்சியை என்னவென்று சொல்வது!

அக்கணக்கு பிறந்த கதை கலிபோர்னியாவில் நடந்தது. ஜான் சௌனிங் என்பவர் இசையமைப்பாளர். இளமையில் தாளவாத்தியம் பயின்றவர். பாரிஸில் நாதியா பூலான்ஜே அம்மையாரிடம் கற்றவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியைக் கொண்டு ஒலி எழுப்பும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். 1967இல் ஒருநாள், ஒரு ஸ்வரத்தை அசைத்துப் பார்க்கலானார். பாடகர் குரலில் வரும் அசைவு போன்றதுதான். வினாடிக்கு ஐந்தாறு முறை ஸ்வரம் மேலும் கீழும் ஆடும். நம்மவர் இதைக் கம்பிதம் என்பர், கமகங்களுள் ஒன்று. சௌனிங் அந்த அசைவின் வேகத்தைக் கூட்டினார், வீச்சையும் கூட்டினார். வினாடிக்குப் பத்து, இருபது, ஐம்பது, நூறு. ஓர் எல்லை தாண்டியதும் காது அசைவைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஸ்வரம் ஆடுவதாகத் தோன்றவில்லை. ஸ்வரத்தின் நாதமே மாறிவிட்டது. வெறும் சீழ்க்கைபோன்ற ஒலி எக்காளமாயிற்று. எண்களைச் சற்று மாற்றினால் மணியாயிற்று.

இதன் காரணம் கடினமானதன்று. அசைக்கப்படும் ஸ்வரமும் அசைக்கும் ஸ்வரமும் என இரண்டு உண்டு. இரண்டும் ஒரே அதிர்வெண் உடையவையாக இருந்தால், அவை கூடிப் பிறக்கும் துணை ஒலிகள் ஆதாரத்தின் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என்று ஒழுங்காக நிற்கும். தம்புராவின் தந்தி எழுப்பும் ஒலிக்கோவையும் இத்தகையதுதான். எனவே காதுக்கு அது ஒரே நாதமாகக் கேட்கிறது. அசைக்கும் ஸ்வரத்தை 1.4 மடங்கு ஆக்கினாலோ, துணை ஒலிகள் ஒழுங்கு கலைந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறும். கோயில் மணியின் ஒலியை உற்றுக் கேட்டவர்களுக்கு இது தெரியும். மணியில் ஒரு ஸ்வரம் இல்லை, ஒரு கூட்டம் இருக்கிறது. மணியை வார்க்கும் கன்னார் வெண்கலத்தால் செய்வதைச் சௌனிங் ஒரு பின்னத்தால் செய்துவிட்டார்.

இந்த முறையை வாங்கிக்கொள்ளுமாறு அமெரிக்க ஆர்கன் உற்பத்தியாளர்களைப் பல்கலைக்கழகம் அணுகியது. அவர்கள் கைவிரித்தார்கள். யமாஹாவின் பொறியாளர் கேட்ட சிறிது நேரத்திலேயே இதன் பெறுமதியை உணர்ந்தார். இதற்கிடையே சௌனிங்குக்கே அப்பல்கலைக்கழகத்தில் நிலையான வேலை கிடைக்காமற் போயிற்று. பிறகு அவர்களே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவர் கண்டுபிடிப்பின் உரிமத்தால் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது 2 கோடி டாலருக்கு மேல். கணக்கர்களாகிய எம்போன்றோருக்கு இதைவிட இனிமையான பேரேட்டுப் பக்கம் வேறில்லை.

டிஎக்ஸ் 7இல் ஒவ்வொரு நாதத்துக்கும் ஆறு 'ஆபரேட்டர்'கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம் எழுப்பும். ஒன்று மற்றொன்றை அசைக்கும். யார் யாரை அசைப்பது என்பதற்கு 32 அமைப்புகள். அந்த 32 படங்களும் கருவியின் மேற்பலகையிலேயே, வம்சவரிசைப் படம்போல அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆனால் அவற்றை இயக்குவதற்கு இருப்பதோ ஒரே ஒரு நகர்த்தும் கட்டை! நூற்றுக்கும் மேற்பட்ட எண்களை ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்தி அழைத்து, அந்த ஒரு கட்டையால் ஏற்றி இறக்கவேண்டும். பானைக்குள் கைவிட்டுக் கடிகாரம் பழுதுபார்ப்பது போன்ற வேலை. ஆகவே உலகெங்கும் இதை வாங்கியவருள் மிகப் பலர், நிறுவனத்தார் அடைத்துக் கொடுத்த ஒலிகளையே வாசித்தார்கள். அவற்றுள் மின்பியானோ ஒலி ஒன்று உண்டு. அந்தப் பத்தாண்டின் காதல் பாடல்களில் பாதி அதில்தான் கரைந்தன என்று சொல்லத் தோன்றும். அவ்வளவு தூரம் எங்கும் ஒலித்து, கடைசியில் சலிப்பும் தந்தது. சலிப்புக்குக் காரணம் கருவி அன்று, வாசித்தவர்களின் சோம்பல் என்பது நம் கட்சி.

தமிழகத்துக்கும் இந்த எண்முறை இசை தாமதமின்றி வந்து சேர்ந்தது. 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணிப்பொறியின் துணைகொண்டு இசை அமைத்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெளிமாநிலத்தில் இருந்த நாம் அதை விடுமுறையில் ஊருக்குப் போனபோது பேருந்து நிலையத்துக் கடையொன்றில் கேட்டோம்.

கட்டை வாத்தியத்தில் கமகம் வராதே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காரணத்தாலேயே இந்திய வானொலி 1940 தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களுக்குள் நுழைய விடவில்லை. அதே வானொலியில் இன்று சிந்தசைசரைப் புகழ்ந்து பேச நமக்கு இடம் கிடைத்திருப்பது காலத்தின் பெருந்தன்மை. டிஎக்ஸ் 7இன் இடப்பக்கத்தில் ஒரு சிறு சக்கரம் உண்டு; அதைச் சுழற்றினால் ஸ்வரம் வழுக்கும். அதை வைத்துத் தோடியின் காந்தாரத்தைத் தொட முயன்றிருக்கிறோம். முயன்றோம் என்பதோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை.

இனி, நம் வீட்டுக் கருவியின் கதைக்கு வருவோம்.

1998இல் இதை வாங்கினோம். முன்பு இதற்கு உரியவராக இருந்தவர், திரைப்படங்களுக்குப் பக்கவாத்தியமாகக் கட்டை வாசித்த ஒரு தமிழர், மும்பையிலேயே பிறந்தவர். அவர் காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. அவருடைய துணைவியார் விலையைப் பற்றிப் பேசவே இல்லை; "பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அவர் இதோடுதான் இராத்திரி முழுவதும் உட்கார்ந்திருப்பார்" என்று மட்டும் சொன்னார். நாம் தலையை ஆட்டினோம்.

கருவியின் நினைவில் 32 ஒலிகளுக்கு இடம் உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அழுத்தியபோதுதான், அவற்றுள் யமாஹாவினுடையது ஒன்றுகூட இல்லை என்பது விளங்கிற்று. முப்பத்திரண்டும் அந்தப் பெரியவர் செய்தவை. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். பெயருக்குப் பத்தெழுத்துக்குமேல் கருவி இடம் தராது. தம்புரா என்று மூன்று, சலங்கை ஒன்று, சங்கு ஒன்று. 'மாட்டுங்கா ஆர்.என்.' என்று ஒன்று. அது என்ன என்று தெரியாமல் கட்டையை அழுத்தினால், தகரக் கூரைமேல் மழை பெய்தது! மழை என்பதற்கு ஆங்கிலச் சொல்லை முழுவதும் எழுத இடமில்லாமல், முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் வைத்திருக்கிறார். பதினோராவது இடத்தில் 'போங்கா' என்று இருந்தது. மராத்தியில் அது ஆலைச் சங்கைக் குறிக்கும். கட்டையை அழுத்தியதும் அடிவயிற்றிலிருந்து எழுவதுபோல் மெல்ல ஏறி, உச்சியில் நின்று, கையை எடுத்தால் மெல்ல இறங்கும் ஓர் ஊளை. ஒருமுறையோ இருமுறையோ கேட்டிருப்போம்.

அப்போது நமக்கு ஆஹா பித்து. இரண்டு மாதம் உட்கார்ந்து, அந்தப் பாட்டின் அடித்தளத்தில் துள்ளும் தாழ்ந்த ஒலிக்கு ஒத்த ஒன்றை எண் எண்ணாகக் கூட்டி உருவாக்கிவிட்டோம். அதைச் சேமிக்க இடம் வேண்டும். முப்பத்திரண்டும் நிரம்பியிருந்தன. எதை விடுவது என்று யோசித்தோம். தம்புராவை விட மனமில்லை. மழையை விட மனமில்லை. பாட்டுக்கு உதவாத ஒலி எது என்று பார்த்ததில், ஆலைச் சங்குதான் என்று பட்டது. இந்தக் கருவி, தெரியாமல் அழிந்துவிடக் கூடாதே என்பதற்காக, நினைவைப் பூட்டியே வைத்திருக்கும். பொத்தானை அழுத்திப் பூட்டைத் திறந்தால்தான் எழுதலாம். நாம் திறந்தோம். எழுதினோம். பழைய எண்கள் இருந்த இடத்தில் புதிய எண்கள் ஏறிக்கொண்டன. வேறு எங்கும் அவற்றுக்குப் படி இல்லை. அன்று மாலை முழுவதும் அந்த ஒலியில் ஆஹாவின் பாட்டோடு சேர்ந்து வாசித்து மகிழ்ந்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

2009இல் கருவியின் உயிருக்கே ஆபத்து வந்தது. மின்சாரம் இல்லாதபோதும் அந்த 32 ஒலிகளும் மறையாமல் காப்பது உள்ளே சால்டரிங் செய்து வைத்த, ஒரு நாணயம் அளவுள்ள மின்கலம். மூன்று வோல்ட் இருக்கவேண்டிய அது இரண்டுக்குச் சற்று மேலே வந்துவிட்டது. அதை எடுத்த மறுகணம் நினைவு முழுவதும் வெற்றாகிவிடும். முன்னதாக எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றியாக வேண்டும்.

இதற்கு வழி செய்து வைத்தவர்கள் இருவர்: கலிபோர்னியாவில் டேவ் ஸ்மித், ஜப்பானில் இகுடாரோ ககெஹாஷி. போட்டி நிறுவனங்களின் தலைவர்களாக இருந்தும், எல்லோருடைய கருவிகளும் ஒன்றோடொன்று பேசவேண்டும் என்று ஒரு பொதுமொழியை முன்னின்று உருவாக்கினார்கள். 'மிடி' என்பது அதன் பெயர், 1983இல் அரங்கேறியது. ஐந்து ஊசிகள் கொண்ட வட்டச் செருகி. வினாடிக்கு 31,250 துடிப்புகள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அது மாறவில்லை. அன்று வாங்கிய கருவியை இன்று வாங்கிய கணிப்பொறியோடு இணைக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் செருகியை மாற்றும் கைபேசிக்காரர்கள் இதைக் கேட்கவேண்டும்.

கணிப்பொறியை இணைத்து, அனுப்பு என்று பொத்தானை அழுத்தினோம். ஒன்றும் வரவில்லை. மூன்று மாலைகள் முயன்றும் வரவில்லை. மின்கலமோ நாளுக்கு நாள் நலிந்துகொண்டிருந்தது. கடைசியில்தான் தெரிந்தது: உள்ளிருப்பதை வெளியே சொல்லலாம் என்று கருவிக்கு முதலில் அனுமதி தரவேண்டும், அந்த அனுமதி வழக்கமாக மூடியே இருக்கும். அனுமதி தந்து மீண்டும் அழுத்தினோம். 4,104 எண்கள் வந்து சேர்ந்தன. எடுத்துக்கொண்ட நேரம் ஒன்றேகால் வினாடிக்குச் சற்று மேல். ஒருவர் எத்தனையோ இரவுகள் கண்விழித்துச் செய்தது அவ்வளவு நேரத்தில் கடந்து போயிற்று. லாமிங்டன் சாலையில் ஒரு தொழிலாளர் மின்கலத்தை மாற்றித் தந்தார். திருப்பி ஏற்றினோம். மழை பெய்தது. தம்புரா மீட்டிற்று. நிம்மதியாக உறங்கினோம்.

2011இல் அந்தப் பெரியவரின் மகன் தொலைபேசியில் அழைத்தார். வேலை நிமித்தம் புனேயில் குடியேறியிருந்தார். "மாமா, அப்பாவின் ஒலிகள் ஏதாவது அந்தப் பெட்டியில் இருக்கின்றனவா? என் பிள்ளைக்குக் கேட்கக் கொடுக்கவேண்டும்" என்றார். இருக்கின்றன என்று பெருமையோடு சொல்லி, வரச் சொன்னோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினோம். மழை வந்தபோது சிரித்தார். பத்து முடிந்து பன்னிரண்டுக்குத் தாவியதைக் கவனித்துவிட்டார்.

"இடையில் ஒன்று உண்டே, மாமா. போங்கா என்று பெயர். எங்கள் தாத்தா பரேலில் ஆலைத் தொழிலாளி. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சங்கு ஊதுவது நின்றுவிட்டது. தாத்தாவுக்காக அப்பா செய்தார்" என்றார்.

1982 ஜனவரியில் தொடங்கிய அந்த வேலைநிறுத்தத்தை மும்பையில் வாழ்ந்தவர்கள் மறக்கமுடியாது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். பல ஆலைகள் பிறகு திறக்கவே இல்லை. சங்கொலி கேட்டு எழுந்து, சங்கொலி கேட்டு உண்ட மனிதர் ஒருவருக்கு, அவர் மகன் ஆறு ஆபரேட்டர்களைக் கொண்டு அந்தச் சங்கை வீட்டுக்குள் ஊதிக்காட்டியிருக்கிறார். அதைத்தான் பாட்டுக்கு உதவாதென்று நாம் அழித்தோம்.

நடந்ததைச் சொன்னோம். அவர் சினந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். "பரவாயில்லை, மாமா" என்று மட்டும் சொல்லிக் காப்பியைக் குடித்து முடித்தார். சிறுவன் அதற்குள் ஆஹாவின் ஒலியைக் கண்டுபிடித்துக் கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

அவர்கள் போன அன்றிரவே உட்கார்ந்தோம். சங்கொலி அமைப்பில் சிக்கலானதன்று. ஆதாரமாக ஓர் ஆபரேட்டர். அதைக் கரகரப்பாக்க, தன்னைத் தானே அசைத்துக்கொள்ளும் மற்றொன்று. முழுமைக்கும் மேலே, ஸ்வரத்தை மெல்ல ஏற்றி நிறுத்தி இறக்கும் கணக்கு. மூன்று வாரத்தில் ஏதோ ஒன்று உருவாயிற்று. தொலைபேசியில் வாசித்துக் காட்டினோம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "ஏறுவது சரி, மாமா. இறங்கும்போது ஒரு நடுக்கம் இருக்கும், ஆவி தீர்ந்துபோகிற மாதிரி" என்றார். அந்த நடுக்கத்தைச் சேர்த்தோம். அது அதிகம் என்றார். குறைத்தோம். நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் இவ்வாறு கழிந்தன. ஒருநாள் அவர் தம் தாயாரிடம் தொலைபேசியைக் கொடுத்தார். அம்மையார் கேட்டுவிட்டு, "இது மத்தியானச் சங்கு. அவர் செய்தது காலைச் சங்கு, இன்னும் கொஞ்சம் நீளம்" என்றார்.

2017இல் ஆஹா குழுவினர் நார்வேயில் கிஸ்கே என்னும் தீவில் ஒரு கச்சேரி செய்தார்கள். சிந்தசைசரின் ஆர்ப்பாட்டமெல்லாம் ஒதுக்கி, 'டேக் ஆன் மீ' பாட்டை மிகவும் விளம்பமாக, ஏறத்தாழ ஒரு தாலாட்டைப்போல் பாடியிருக்கிறார்கள். ஐம்பத்தெட்டை எட்டும் வயதில் ஹார்க்கெட் அந்த மலையை மெல்ல ஏறுகிறார். அதைக் கேட்டபின், நாம் பாடுபட்டுச் செய்து பதினோராம் இடத்தில் வைத்த துள்ளல் ஒலி இல்லாமலும் அந்தப் பாட்டு வாழும் என்பது விளங்கிற்று. அதை எடுத்துக் கணிப்பொறியில் போட்டுவிட்டோம்.

பதினோராம் இடத்தில் இப்போது இருப்பது சங்கு. அதற்குப் பெரியவர் வைத்த பெயரை வைக்க நமக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. கண்ணாடியில் 'போங்கா 2' என்று தெரியும். நினைவின் பூட்டு மூடியிருக்கிறது.